ரெக்கார்டரில் இருக்கும் பாட்டு கம்ப்யூட்டருக்கு வர மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வோம்

வீட்டில் பாடியதையும் வாசித்ததையும் கையடக்க ரெக்கார்டரில் பிடித்து வைத்திருப்பீர்கள். பதிவெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதுதான் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, கோளாறால் தொலைந்த பாட்டு குறைவு. கோளாறைச் சரிசெய்கிறேன் என்று இறங்கித் தொலைத்த பாட்டுதான் அதிகம். அதில் என் கைங்கரியமும் உண்டு.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது: கம்ப்யூட்டரில் கடைசி நொடிவரை கேட்டுப் பார்க்கும்வரை ரெக்கார்டரின் மெமரி கார்டில் எதையும் அழிக்க வேண்டாம், ஃபார்மேட் செய்ய வேண்டாம், அதே கார்டில் புதிதாகப் பதிவு செய்யவும் வேண்டாம். இனி உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை

கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நாலு கம்பி இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் போடுவதற்கென்றே வரும் மலிவுக் கேபிள்களில் தகவல் கம்பிகள் இருக்காது. ரெக்கார்டரில் விளக்கு எரியும், பேட்டரிப் படம் ஓடும், கம்ப்யூட்டர் மட்டும் வாயே திறக்காது. வெளியில் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அந்தக் கேபிளில் ஒரு போனை மாட்டிப் பாருங்கள். போனில் உள்ள படங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால் கேபிள் நல்ல கேபிள். என் டிராயரில் ஒரே மாதிரி ஏழெட்டுக் கேபிள் கிடக்கிறது. தகவல் போகும் ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். இதைவிடப் பயனுள்ள காரியம் இந்த விஷயத்தில் நான் வேறெதுவும் செய்ததில்லை.

கேபிள் சரி என்றால் அடுத்தது மோட். பல ரெக்கார்டர்கள் செருகியவுடன் திரையில் ஒரு கேள்வி கேட்கும்: கார்டு ரீடராக நடந்துகொள்ளவா, ஆடியோ இன்டர்ஃபேஸாகவா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு அது வெறும் மைக். சவுண்ட் செட்டிங்ஸில் உள்ளீட்டுப் பட்டியலைப் பாருங்கள். ரெக்கார்டரின் பெயர் அங்கே இருந்தால் சங்கதி இதுதான். கழற்றி, மறுபடி செருகி, ஸ்டோரேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில மாடல்களில் மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டியிருக்கும். யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதும் நல்லது.

என்னைக் கேட்டால், கார்டு போடும் ரெக்கார்டர் என்றால் கேபிள் வம்பே வேண்டாம். கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போடுங்கள். கோப்புகள் சீக்கிரம் நகரும். அதைவிட முக்கியம், ரெக்கார்டரின் யூஎஸ்பி வாய் தேயாது. அது ஆட்டம் கண்டுவிட்டால் சால்டரிங் வைத்துத்தான் சரிசெய்ய முடியும். ரீடர் போனால் வேறு ரீடர்.

கார்டு தெரிகிறது, ஆனால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூடுங்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கார்டைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். கார்டு காலி என்று அர்த்தமில்லை.

கார்டைத் திரும்ப ரெக்கார்டரில் போட்டு ஹெட்போனில் கேளுங்கள். அங்கே பாட்டு ஓடினால் கார்டு நன்றாக இருக்கிறது, குற்றம் ரீடரில். 4 ஜிபி முதல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் எஸ்டிஎச்சி வகை, கோப்புகளை ஃபாட் 32 என்ற முறையில் அடுக்கி வைப்பவை. அதற்கு மேல் 64 ஜிபியிலிருந்து எஸ்டிஎக்ஸ்சி, எக்ஸ்ஃபாட் முறை. பழைய ரீடர்களில் பலவற்றுக்கு எஸ்டிஎக்ஸ்சி புரியாது. வேறு ரீடர் இல்லையென்றால் ரெக்கார்டரையே கேபிளில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். கார்டின் பொன்னிறப் பட்டைகளில் கை எண்ணெய் படிந்திருந்தாலும் இப்படி ஆகும். உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கார்டு மாட்டிய சத்தம் மட்டும் கேட்டு, டிரைவ் எழுத்து எதுவும் வரவில்லையா? விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்தக் கார்டுக்கு ஓர் எழுத்தை ஒதுக்கிவிட்டால் போதும்.

ரெக்கார்டரும் கார்டைப் பார்த்துப் பிழை என்று சொன்னால் கதை வேறு. அங்கேயே நிறுத்திக்கொண்டு, கீழே 0 பைட் பகுதிக்கு வாருங்கள்.

ஃபோல்டர் திறக்கிறது, நான் தேடும் பாட்டு மட்டும் இல்லை

பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். சில ரெக்கார்டர்களில் உள்நினைவகம், கார்டு என்று இரண்டு இடம் உண்டு. கம்ப்யூட்டரில் இரண்டு டிரைவாகத் தெரியும். நாம் தேடுவது எப்போதும் மற்றதில் இருக்கும்.

தேதிப்படி அடுக்கிப் பார்ப்பவர்கள் பட்டியலின் மறுமுனையையும் பார்க்கவும். ரெக்கார்டரின் கடிகாரம் நின்றுபோயிருந்தால் நேற்றுப் பாடிய பாட்டுக்கு 1980 ஜனவரி 1 என்று தேதி விழும். ஃபாட் முறையின் காலண்டர் அந்த நாளில்தான் தொடங்குகிறது. பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்திருந்தால் இது சகஜம்.

படங்களை இறக்குமதி செய்யும் ஆப் தானாகத் திறந்து "புதிதாக எதுவும் இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது தேடுவது படமும் வீடியோவும் மட்டுமே. ஃபைல் எக்ஸ்ப்ளோரர், மேக் என்றால் ஃபைண்டர், அதன் வழியாகப் போங்கள்.

கோப்பு இருக்கிறது, 0 பைட், அல்லது 0 நொடி என்று காட்டுகிறது

வயிற்றைக் கலக்கும் அறிகுறி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் கோப்பின் தொடக்கத்தில் சின்ன முகவுரை ஒன்று உண்டு. எளிய வடிவத்தில் 44 பைட். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்தது) என்ன, ஒவ்வோர் அளவும் எத்தனை பிட், மோனோவா ஸ்டீரியோவா, இசைப் பகுதி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது நீளம் தெரியாதல்லவா? நீங்கள் ஸ்டாப் அழுத்திய பிறகுதான் ரெக்கார்டர் திரும்பப் போய் அந்தக் கட்டத்தை நிரப்பும். நடுவில் பேட்டரி தீர்ந்துவிட்டால் கட்டம் காலியாகவே நின்றுவிடும். இசை கார்டில்தான் இருக்கிறது. அது எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை.

முதலில் புது பேட்டரி போட்டு, அதே கார்டோடு அதே ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள். சில மாடல்கள் அரைகுறைக் கோப்பைக் கண்டு தாமே முடித்துவைக்கும். முடிந்தது என்று சொல்லும்வரை வேறு பொத்தானைத் தொட வேண்டாம்.

அது நடக்கவில்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். 400 மெகாபைட் என்று காட்டிவிட்டு, பிளேயரில் மட்டும் 0 நொடி என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். கோப்பைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ஃபைல் மெனு, இம்போர்ட், ரா டேட்டா என்று போங்கள். முகவுரையை நம்பாமல், நாம் சொல்கிறபடி கோப்பைப் படிக்கும் வழி இது. வழக்கமாகச் சொல்ல வேண்டியவை: சைன்டு 16 பிட் அல்லது 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், 2 சேனல், சாம்பிள் ரேட் 44100 அல்லது 48000. ரெக்கார்டரில் எந்த செட்டிங்கில் பதிந்தீர்களோ அதையே கொடுங்கள்.

நினைவில்லை என்றால் காதே சொல்லிவிடும். வெறும் இரைச்சல் மட்டும் வந்தால் பிட் எண்ணிக்கை தப்பு, அல்லது படிக்கத் தொடங்கும் இடம் ஒரு பைட் தள்ளியிருக்கிறது. தொடக்க ஆஃப்செட்டை 0, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். பாட்டு வருகிறது, ஆனால் இருமடங்கு வேகம், ஒரு ஸ்தாயி மேலே என்றால் மோனோவை ஸ்டீரியோவாகப் படிக்கிறீர்கள். பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழே என்றால் அதற்கு நேர்மாறு. ஆரம்பத்தில் ஒரு "டப்" கேட்கும். அது முகவுரையைச் சத்தமாக வாசித்தது, வெட்டிவிடுங்கள்.

கோப்பே 0 பைட் என்று இருந்தால்? கார்டின் பொருளடக்கத்தில்தான் 0. உள்ளே எழுதியது அநேகமாக அப்படியே இருக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பெயரில் போட்டோ இருந்தாலும், வேவ் கோப்புகளையும் மீட்கும். மீட்டதைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமித்தால், மீட்க வேண்டியதன் தலைமேலேயே எழுதுவீர்கள்.

எனக்கு ஒருமுறை போட்டோரெக்கும் கைகொடுக்கவில்லை. 2 ஜிபி பழைய கார்டு, நாற்பது நிமிடம் ஓடிய பதிவு. கடைசியில் கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது பைட்டுக்குப் பைட் நகலாக எடுத்து, அந்த இமேஜையே ரா டேட்டாவாக ஆடாசிட்டியில் திறந்தேன். திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டு கெட்டியான நீலப் பட்டை: பழைய எம்பி3 கோப்புகளின் மிச்சம், கேட்டால் காதைக் கிழிக்கும் இரைச்சல். பிறகு நூல் பிடித்தாற்போல் வெறும் கோடு. அதற்கும் அப்பால், முக்கால்வாசி தாண்டி, இலைகளைக் கோத்துப் போட்டதுபோல் உப்பியும் ஒடுங்கியும் ஓர் உருவம். அதன் மேல் வைத்துப் பிளே அழுத்தினேன். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், ஒரு இருமல், பிறகு பாட்டு. இமேஜ் வழி எல்லா நேரமும் பலிக்காது. கோப்பு கார்டில் துண்டுதுண்டாகச் சிதறியிருந்தால் வரிசை கலைந்துதான் கிடைக்கும். கார்டு அதிகம் அழித்து எழுதப்படாமல் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

பாட்டு ஓடுகிறது, சுருதி இறங்கியிருக்கிறது

48000 ரேட்டில் பதிந்ததை 44100 என்று நினைத்துக் கம்ப்யூட்டர் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். வேகம் சுமார் 8 சதவீதம் குறையும், சுருதி முக்கால் கட்டை அளவுக்கு இறங்கும். ஐந்து கட்டையில் பாடியது நாலேகாலுக்குப் பக்கத்தில் கேட்கும். பாடியவருக்குத் தன் குரல் மாதிரியே இருக்காது. மாறாக நடந்தால் அதே அளவு ஏறும்.

காது நிச்சயமாகச் சொல்லவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். ரெக்கார்டரில் சரியாக 10 நிமிடம் என்று இருப்பது கம்ப்யூட்டரில் 10 நிமிடம் 53 நொடி ஆகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்குச் சுருதி மாற்றும் எஃபெக்ட் எதையும் போடாதீர்கள். அது குரலை இழுத்துத் தைத்து அசிங்கப்படுத்தும், வேகமும் தப்பாகவே நிற்கும். ஆடாசிட்டியில் அந்த டிராக்கின் பெயருக்குப் பக்கத்து மெனுவில் ரேட் என்று இருக்கும். அதை 48000 ஆக மாற்றினால் போதும், ஒரு பைட்கூட மாறாமல் பழைய சுருதி வந்துவிடும். பெரும்பாலும் ரா டேட்டாவாகத் திறந்தபோது தப்பான எண்ணைக் கொடுத்ததுதான் காரணமாக இருக்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது. அல்லது ஏதோ குடைந்த மாதிரி கேட்கிறது

ஒற்றை மைக்கை ஸ்டீரியோ வாயில் மாட்டிப் பதிந்திருந்தால் இடது பக்கம் மட்டும் விழுந்திருக்கும். ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து, காலிப் பக்கத்தை எறிந்துவிட்டு, மிச்சத்தை மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு எதுவும் இல்லை.

ஹெட்போனில் நன்றாக இருப்பது போன் ஸ்பீக்கரில் குரலே இல்லாமல் கேட்டால், இரண்டு சேனலில் ஒன்று தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஒன்று சேரும்போது ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆடாசிட்டியில் ஒரு சேனலுக்கு மட்டும், அலையைத் தலைகீழாக்கும் இன்வர்ட் எஃபெக்ட்டைப் போடுங்கள். மிட்-சைட் முறையில் (ஒரு மைக் நேர் எதிரே, இன்னொன்று பக்கவாட்டில்), இடது வலதாகப் பிரிக்காத நிலையில் பதிந்த கோப்பும் விசித்திரமாகவே கேட்கும்: ஒரு காதில் குரல் தெளிவாக, இன்னொரு காதில் அறையின் எதிரொலி. அதற்கு இன்வர்ட் உதவாது, இடது வலதாகப் பிரித்துத் தரும் மிட்-சைட் டிகோடர் வேண்டும்.

கரகரப்பு, வெடிப்பு, இடையிடையே அமைதி

முதலில் கார்டை ரெக்கார்டரில் போட்டு அதே இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் காப்பி கெட்டிருக்கிறது. இரண்டு கோப்பின் அளவையும் பைட் கணக்கில் ஒப்பிட்டுவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள். கார்டிலிருந்தே நேராக ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாலும் திக்கும்.

ரெக்கார்டரிலும் கரகரத்தால் பதிவிலேயே வந்த கோளாறு. ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் அலையின் உச்சிகளைக் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். 16, 24 பிட் கோப்புகளில் சீவியது சீவியதுதான். கிளிப் ஃபிக்ஸ் எஃபெக்ட் ஒன்றிரண்டு உச்சிகளை ஒட்டுப்போடும். பாட்டு முழுக்கச் சீவியிருந்தால் அதை எதிர்பார்க்காதீர்கள். 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் புது ரெக்கார்டர் என்றால் நல்ல செய்தி உண்டு. திரையில் சீவியதாகத் தெரிந்தாலும் அளவைக் குறைத்தவுடன் உச்சிகள் முழுசாக வெளியே வரும், மைக்கே திணறிப்போகாமல் இருந்திருந்தால்.

குறிப்பிட்ட இடத்துக்கு மேல் எல்லாக் கோப்பும் வெறும் அமைதி, பெயரும் அளவும் மட்டும் சரியாக இருக்கின்றன என்றால் போலிக் கார்டாக இருக்கலாம். 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். மீதி எழுதியது எங்கும் இல்லை. இதற்கு வைத்தியம் கிடையாது.

ஒரே பாட்டு இரண்டு கோப்பாக வந்திருக்கிறது

கோளாறே இல்லை. ஃபாட் 32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10.6 மெகாபைட் ஆகும்; 2 ஜிபிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் 62 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆடாசிட்டியில் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்ட வைத்தால் தையல் தெரியாது. எம்பி3 என்றால் ஒட்டும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும், அந்த வகைக் கோப்பின் இயல்பு அது. பாட்டுக்கு எம்பி3யில் பதியாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டு சத்தம் குறையும் இடங்களில் விழுந்து, ஒவ்வொரு துண்டின் முதல் எழுத்தும் காணாமல் போயிருந்தால், சத்தம் கேட்டால் மட்டும் பதியும் மோட் ஆனில் இருந்திருக்கிறது. போனது போனதுதான். அடுத்த முறைக்கு அதை அணைத்து வையுங்கள்.

பழைய ரெக்கார்டர்: ஹெட்போன் வாய் ஒன்றுதான் வழி

கேசட் ரெக்கார்டரில் வேறு வழியில்லை. ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். சின்ன வட்டில் பதியும் மினிடிஸ்க்கிலும் பெரும்பாலும் இதே கதி. 2001இல் வந்த நெட் எம்டி என்ற மினிடிஸ்க் மாடல்களில் யூஎஸ்பி இருந்தும் பாட்டு உள்ளேதான் போகும். நாம் பதிந்ததை வெளியே எடுக்கும் வழி 2004இல் அடுத்த தலைமுறையான ஹை-எம்டியோடுதான் வந்தது.

லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை வாய் ஹெட்செட்டுக்கானது. அதன் உள்ளீடு மோனோ, மைக்கின் சில மில்லிவோல்ட் அளவுக்குச் செய்தது. ஹெட்போன் வெளியீட்டை அதில் திணித்தால் கரகரப்பும் ஒற்றைக் காதும்தான் மிச்சம். லைன் இன் (மைக்குக்கு இல்லாமல் இதுபோன்ற கருவிகளுக்கான உள்ளீடு) உள்ள யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டரின் ஒலியளவை முக்கால் பங்கு வைத்து, உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியில் "ம்ம்ம்" என்று ஒரே சீராக ஓடினால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். பல நேரம் அங்கேயே நின்றுவிடும். பாட்டின் மெல்லிய இடங்கள் மங்கி மங்கி வந்தால் சவுண்ட் செட்டிங்ஸில் உள்ள இரைச்சல் நீக்கம் அந்த வேலையைச் செய்கிறது. அதற்குப் பேச்சு மட்டும்தான் ஒலி. வீணையின் கடைசி இழை அதற்கு இரைச்சல். அணைத்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று, இப்போது ரெக்கார்டரில் பதிவு ஆகவில்லை

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். ரீடரிலிருந்து உருவும்போது நகம் பட்டு அது கீழே இறங்கியிருக்கும், கார்டு பூட்டிக்கொள்ளும். மேலே தள்ளுங்கள். மைக்ரோ எஸ்டியில் இது கிடையாது, அதன் அடாப்டரில் உண்டு.

அழித்தும் இடம் காலியாகவில்லை என்றால் மேக்கில் அழித்திருப்பீர்கள். அங்கே அழித்தது கார்டுக்குள்ளேயே ஒரு மறைவான குப்பைக் கூடையில் கிடக்கும். கார்டு மாட்டியிருக்கும்போதே டிராஷைக் காலி செய்ய வேண்டும். ரெக்கார்டரின் பட்டியலில் புள்ளியும் அடிக்கோடும் தொடக்கமாக, ஓட மறுக்கும் சின்னச் சின்னக் கோப்புகள் தெரிவதும் மேக் விட்டுச் சென்ற தடயம்தான். பாட்டெல்லாம் கம்ப்யூட்டரிலும் இன்னொரு டிஸ்கிலும் பத்திரமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கார்டை ரெக்கார்டரின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்தால் இவை எல்லாம் ஒரே அடியில் போய்விடும்.